மாலுமியும் முஅல்லிமும்



அந்நிய நாட்டுச் சொல்லொன்று நம் மொழிக்குள் வரும்போது, அது வந்த வழியையும் தன்னோடு கொண்டுவருகிறது. மன்னார்க் கரையில் அனைவரும் அறிந்த 'மாலுமி' என்ற சொல்லையே பாருங்கள். தூய தமிழ்ச் சொல்லாகத் தோன்றும் இது, 'முஅல்லிம்' என்ற அறபுச் சொல்லின் திரிபு என்பர் அறிஞர்.

முஅல்லிம் என்றால் கற்பிப்பவர். பாரசீகத்திலும் உருதுவிலும் அதற்கு ஆசிரியர் என்பதே பொருள். துருக்கியிலும் முன்னர் ஆசிரியரை அப்படித்தான் அழைத்தனர். கிழக்கு ஆபிரிக்கக் கரையின் சுவாஹிலி மொழியிலும் 'ம்வாலிமு' ஆசிரியர்தான். நம்மிடம் மட்டும் ஆசிரியர் எப்படிக் கப்பலோட்டியானார்?

விடை கடலில் இருக்கிறது. இந்து சமுத்திரத்து மரக்கலங்களில், நட்சத்திரமும் காற்றும் பார்த்து வழிசொல்ல வல்லவரையே முஅல்லிம் என்றனர். அக்பர் காலத்து 'ஆயினே அக்பரி' கப்பற் பணியாளரை வரிசைப்படுத்தும்போது அவரையும் குறிப்பிடுகிறது. குஜராத்திக் கடலோடிகளிடம் அச்சொல் 'மாலம்' ஆயிற்று. தமிழில் மாலுமி ஆயிற்று. அதே சொல் பின்னர் குர்ஆன் பள்ளிக்கூடத்தின் வழியாக மறுபடியும் வந்தது. அங்கே ஓதிக்கொடுப்பவர் இன்றும் முஅல்லிம்தான். ஒரே சொல், இரு வழிகள், இரு பொருள்கள்.

கடல்வழி எவ்வளவு பழையது என்பதற்கு மாந்தை சான்று. திருஞானசம்பந்தரும் சுந்தரரும் பாடிய திருக்கேதீச்சரம் அமைந்த மாதோட்டத் துறைமுகம் அது. அங்கே 1980 முதல் 1984 வரை ஜோன் கார்ஸ்வெல் தலைமையில் நடந்த அகழ்வில், சீன மட்பாண்டங்களோடு மேற்காசிய மட்பாண்டங்களின் ஓடுகளும் கிடைத்தன. பாண்டம் வந்த கப்பலில் சொல்லும் வந்திருக்கும் என்று எண்ணுவது தவறாகாது.

மூன்றாவது வழியொன்றும் உண்டு. அது அரச அலுவலகத்தின் வழி. முகலாயரும் ஆர்க்காட்டு நவாபுகளும் பாரசீகத்தில் கணக்கெழுதினர். அக்கணக்கேடுகளிலிருந்த அறபுச் சொற்கள் தமிழகத்தில் பரவின. இக்கரைத் தமிழிலும் வழங்கலாயின. அறபில் 'வுஸூல்' என்றால் வந்து சேர்தல். நமக்கு வசூல் என்றால் பணம் வந்து சேர்தல். 'பாகீ' என்றால் எஞ்சியிருப்பது. துருக்கியர் 'பாகி' என்று அழியாததைச் சொல்வர். நாமோ தீராத கடனைப் பாக்கி என்கிறோம்! 'தக்ரார்' என்றால் திரும்பத் திரும்பச் செய்தல். துருக்கியில் 'தெக்ரார்' என்றால் மறுபடியும் என்பது பொருள். சொன்னதையே திரும்பத் திரும்பச் சொன்னால் சண்டைதானே வரும்? உருதுவில் அது வாக்குவாதத்தையும் குறித்தது; தமிழில் தகராறு ஆனது.

இச்சொற்களைப் பிறமொழி என்று களைய விரும்புவோர் உண்டு. அறபை முறையாகக் கற்றுவந்து, மூத்தோரின் உச்சரிப்பைப் பிழையென்று திருத்துவோரும் உண்டு. இரு சாராருக்கும் ஒன்று சொல்லலாம்: திரிந்த சொல் பிழையன்று, அது சாட்சி. 'மாலுமி'யை முஅல்லிம் என்று திருத்திவிட்டால், அது கடந்துவந்த கடல் மறைந்துபோகும்.

இச்சாட்சியம் மன்னாருக்கு மிகவும் வேண்டியது. 1990 ஒக்டோபரில் விடுதலைப் புலிகள் வடபுலத்து முஸ்லிம்களை வெளியேற்றினர். எருக்கலம்பிட்டி மக்கள் உட்படப் பலர் கடல்வழியே கற்பிட்டிக்கும் புத்தளத்துக்கும் போய்ச் சேர்ந்தனர். வீடும் காணியும் பறிபோயின. ஆனால் பேசாலைக் கத்தோலிக்க மீனவரும் மாந்தைச் சைவக் கமக்காரரும் அதன் பிறகும் வசூல் என்றனர், பாக்கி என்றனர், மாலுமி என்றனர். மனிதரை ஊரைவிட்டு அனுப்ப முடிந்தது. அவர்களோடும் அவர்களுடைய முன்னோரோடும் வாழ்ந்த வாழ்வு படிந்த மொழியைப் பிரித்தனுப்ப எவராலும் முடியவில்லை.

2009இல் போர் முடிந்தபின் ஒரு பகுதியினர் திரும்பினர். புத்தளத்தில் பிறந்து வளர்ந்த தலைமுறை வேறொரு பேச்சுவழக்கோடு வளர்ந்திருக்கிறது. எனவே மன்னார் முதியோரின் வாய்ச்சொற்களை, அவர்கள் உச்சரிக்கும் விதத்திலேயே, எந்தத் திருத்தமும் செய்யாமல் எழுதிவைப்பது நம் கடமை. வரலாற்று ஆசிரியன் மாந்தை மண்ணில் தேடுவதை, நாம் நம் வீட்டுத் திண்ணையிலேயே கேட்டெழுதலாம்.