எல்லா வேட்டைக்கும் ஒரு துப்பாக்கி

கொல்லி மலைத் தலைவன் வல்வில் ஓரி எய்த ஓர் அம்பு யானையை வீழ்த்தி, புலியின் உயிரைப் போக்கி, மானை உருட்டி, பன்றியைச் சாய்த்து, அயலில் இருந்த புற்றிலே உடும்பின் மீது தைத்து நின்றது என்று வன்பரணர் பாடியிருக்கிறார். புறநானூற்றில் உள்ள இப்பாட்டைப் பள்ளிப் பருவத்தில் படித்தவர்கள், 'இது நடக்கக் கூடியதா?' என்று ஒரு முறையேனும் கேட்டிருப்பார்கள். புலவர் உயர்த்திக் கூறினார் என்று கொள்வதே வழக்கம். ஆயினும் வேடர் மனத்தில் நெடுங்காலமாகக் குடிகொண்டிருந்த ஓர் ஆசை அப்பாட்டிலே வெளிப்படுகிறது. யானைக்கு ஒன்று, புலிக்கு ஒன்று, மானுக்கு ஒன்று எனப் பல கருவிகளைச் சுமக்காமல், எல்லாவற்றுக்கும் போதுமான ஒரே கருவி கையில் இருக்கவேண்டும் என்பதே அந்த ஆசை. துப்பாக்கிக் காலத்தில் அவ்வாசை எவ்வாறு நிறைவேறிற்று, எந்த அளவுக்கு நிறைவேறிற்று என்பதை இன்று சிறிது ஆராய்வோம்.

பழைய நாளில் துப்பாக்கியின் அளவைக் கூறும் முறையே விசித்திரமானது. ஒரு ராத்தல் ஈயத்தை உருக்கி, அந்தக் குழலுக்குப் பொருந்தும் உருண்டைக் குண்டுகள் எத்தனை வார்க்கலாமோ அந்த எண்ணே அதன் அளவு. பன்னிரண்டு குண்டுகள் வந்தால் 12 போர். நான்கே வந்தால் 4 போர். ஆகவே எண் குறையக் குறையத் துப்பாக்கி பெரிதாகும். பின்னக் கணக்கில் கீழெண் பெருகினால் மதிப்புக் குறையும் என்று பிள்ளைகளுக்குச் சொல்வோமே, அதைப் போன்றது இது. 4 போர் துப்பாக்கியின் குண்டு கால் ராத்தல், அதாவது நான்கு அவுன்ஸ். இன்றைய கணக்கில் ஏறக்குறைய 113 கிராம். அதன் குழல்வாய் ஓர் அங்குலத்துக்கும் சற்று அதிகமான விட்டமுடையது.

இத்துணைப் பெரிய குண்டு எதற்கு? அக்காலத்தில் இருந்தது கரிய வெடிமருந்து ஒன்றே. கந்தகமும் கரியும் வெடியுப்பும் சேர்ந்த அந்த மருந்து, குண்டை ஓர் எல்லைக்கு மேல் விரைவாகத் தள்ள வல்லதன்று. வேகத்தைக் கூட்ட முடியாதபோது எடையைக் கூட்டுவதைத் தவிர வேறு வழி இல்லை. யானையின் தலை எலும்பைத் துளைக்க வேண்டுமானால், குண்டு கனமாக இருக்கவேண்டும்; குண்டு கனமானால் துப்பாக்கியும் கனமாக இருக்கவேண்டும்.

1848ஆம் ஆண்டு முதல் இலங்கையின் நுவரெலியாவில் குடியேறி வாழ்ந்த சாமுவேல் பேக்கர் இதற்குச் சிறந்த சான்று. பிரிஸ்டல் நகரத்துக் கிப்ஸ் என்பவரிடம் அவர் செய்வித்துக்கொண்ட துப்பாக்கியின் எடை 21 ராத்தல். நம் கணக்கில் ஒன்பதரைக் கிலோ. மூன்று அவுன்ஸ் உருண்டைக் குண்டோ, நான்கு அவுன்ஸ் கூம்புக் குண்டோ இட்டு அதைச் சுடலாம். பின்னர் 1861ஆம் ஆண்டில் நைல் நதியின் மூலத்தைத் தேடிச் சென்றபோது, அரை ராத்தல் குண்டு எறியும் ஒரு துப்பாக்கியை அவர் கொண்டுசென்றார். 'குழந்தை' என்று அதற்கு வேடிக்கையாகப் பெயரிட்டார். அதைச் சுடும்போதெல்லாம் தாம் சுழற்றி எறியப்பட்டதாகவும், தம் துப்பாக்கிக்குத் தாமே அஞ்சியதாகவும், ஆகையால் அதை அரிதாகவே எடுத்ததாகவும் அவரே எழுதியுள்ளார்.

1871ஆம் ஆண்டில் பத்தொன்பது வயது இளைஞராகத் தென்னாப்பிரிக்காவில் இறங்கிய பிரடெரிக் செலூஸ் என்பவரின் அனுபவமும் இத்தகையதே. 4 போர் துப்பாக்கிகளைக் கொண்டு அவர் பல யானைகளை வீழ்த்தினார். ஆனால் அவற்றின் பின்னுதைப்பு தம் நரம்புகளைக் கெடுத்துவிட்டது என்றும், அவற்றைத் தொட்டதற்காகவே வருந்துவதாகவும் பின்னாளில் எழுதினார். சுடுகிறவனையே அஞ்சச் செய்யும் கருவி குறியை எவ்வாறு அடையும்? உதை வரும் என்று எதிர்பார்த்துத் தோள் சுருங்கினாலே போதும்; குண்டு ஒரு சாண் தள்ளிப் போய்விடும்.

இந்த நிலையை மாற்றியது இரசாயன நூல். 1884ஆம் ஆண்டில் பிரான்சு நாட்டின் பால் வியெய் புகையில்லா வெடிமருந்தைக் கண்டறிந்தார். 1889ஆம் ஆண்டில் இங்கிலாந்தில் பிரடெரிக் ஏபெலும் ஜேம்ஸ் டியூவரும் கார்டைட் என்னும் மருந்தை அமைத்தனர். கயிறு போன்ற இழைகளாக இருந்தமையால் அதற்கு அப்பெயர். குண்டின் வேகத்தைப் பெருமளவு உயர்த்தும் ஆற்றல் இம்மருந்துகளுக்கு இருந்தது. எடை இரு மடங்கானால் குண்டின் ஆற்றல் இரு மடங்காகும். வேகம் இரு மடங்கானாலோ ஆற்றல் நான்கு மடங்காகும். இந்த எளிய கணக்கே துப்பாக்கியின் வரலாற்றைத் திருப்பியது. ஈயம் மட்டும் இவ்வேகத்தைத் தாங்காது ஆகையால், குண்டுக்குச் செம்பு முதலிய உலோகங்களால் உறை இட்டனர்.

1898ஆம் ஆண்டில் லண்டன் நகரத்து ஜான் ரிக்பி, 450 என்னும் காலிபர் உடைய துப்பாக்கியை வெளியிட்டார். காலிபர் என்பது குழல்வாயின் விட்டம். ஓர் அங்குலத்தை ஆயிரம் பங்காக்கினால் அவற்றில் 450 பங்கு என்பது இதன் பொருள். இதன் குண்டு 31 கிராம். பேக்கர் காலத்துக் குண்டில் ஏறக்குறைய நான்கில் ஒரு பங்கு. ஆனால் அது வினாடிக்கு 2,150 அடி வேகத்தில் சென்றது. பழைய பூதங்களை இச்சிறு குண்டு ஒரே தலைமுறையில் காட்டிலிருந்து ஓட்டிவிட்டது.

ஆயினும் ஓரியின் அம்பு இன்னும் கிடைக்கவில்லை. இவ்வகை இரட்டைக்குழல் துப்பாக்கி யானைக்கும் காட்டெருமைக்கும் நெருங்கி நின்று சுட ஏற்றது. திறந்த வெளியில் தொலைவில் நிற்கும் மானுக்கு ஏற்றதன்று. 1909ஆம் ஆண்டில் அமெரிக்க நாட்டின் முன்னாள் தலைவர் தியோடோர் ரூஸ்வெல்ட் கிழக்கு ஆப்பிரிக்காவுக்குச் சென்றபோது மூன்று வகைத் துப்பாக்கிகளைக் கொண்டுசென்றார். படைவீரர் கையாளும் 30 காலிபர் ஸ்பிரிங்பீல்டு ஒன்று. சிங்கத்துக்கு மிகப் பொருத்தம் என்று அவர் புகழ்ந்த 405 வின்செஸ்டர் ஒன்று. பெருவிலங்குகளுக்கென ஹாலந்து நிறுவனத்தார் செய்த இரட்டைக்குழல் ஒன்று. சுமப்பதற்கு ஆட்கள் உள்ளவருக்கு இது தகும். புதரிலிருந்து விலங்கு எதிர்ப்பட்ட நொடியில், வேண்டிய துப்பாக்கி பின்னால் வருகிற ஆளின் தோளில் இருந்தால் என்ன செய்வது?

இதே காலத்தில் ஸ்காட்லாந்து நாட்டு வால்டர் பெல் என்பவர் எதிர்த் திசையில் சென்றார். ஆயிரத்துக்கு மேற்பட்ட யானைகளைக் கொன்ற அவர், அவற்றுள் பெரும்பாலானவற்றை 7 மில்லிமீட்டர் குழலுடைய சிறிய துப்பாக்கியாலேயே வீழ்த்தினார். அதன் குண்டு 11 கிராமே உடையது. யானையின் மண்டையோட்டை அறுத்துப் பார்த்து, மூளை எங்கே இருக்கிறது, எந்தக் கோணத்தில் நின்றால் குண்டு அதை அடையும் என்று அவர் கற்றிருந்தார். உறை முழுதும் மூடிய நீண்ட குண்டு எலும்பில் வளையாமல் நேராகச் செல்லும் என்பதையும் அறிந்திருந்தார். அத்தனை யானைகள் ஒருவர் கையால் மடிந்தமை இன்று நமக்கு மகிழ்ச்சி தரும் செய்தியன்று. எனினும் துளையின் பருமனைக் காட்டிலும் துளைக்கும் இடமே முக்கியம் என்பதை அவர் உலகுக்கு மெய்ப்பித்தார்.

பேக்கரின் கருவி மனிதனுக்கு மிஞ்சியது. பெல்லின் கருவிக்கோ பெல்லைப் போன்ற மனிதன் தேவை. இவ்விரண்டுக்கும் இடையே சாதாரணக் கைக்கு ஏற்ற ஒன்றை 1912ஆம் ஆண்டில் ஹாலந்து அண்டு ஹாலந்து நிறுவனத்தார் வெளியிட்டனர். அதுவே 375 காலிபர். குழல்வாய் ஒன்பதரை மில்லிமீட்டர். 15, 17, 19 கிராம் என ஏறக்குறைய மூன்று எடைகளில் அதற்குக் குண்டுகள் கிடைத்தன. இலேசான குண்டு தொலைவில் உள்ள மானுக்கு. கனமான குண்டு நெருங்கி வரும் பெருவிலங்குக்கு. முனையில் ஈயம் வெளித்தெரியும் குண்டு உடலில் பட்டதும் மலரும். அது புலிக்கும் சிங்கத்துக்கும் ஏற்றது. முழு உறையிட்ட குண்டு மலராமல் ஆழமாகத் துளைக்கும். அது யானைக்கு உரியது. துப்பாக்கியை மாற்றாமல் தோட்டாவை மாற்றினால் போதும் என்னும் நிலை இவ்வாறு வந்தது.

தோட்டாவின் வடிவத்திலும் ஒரு நுட்பம் உண்டு. கார்டைட் வெப்பத்தை மிகவும் உணரும் மருந்து. லண்டன் குளிரில் அடக்கமாக இருக்கும் அழுத்தம், வெப்ப நாட்டு வெயிலில் உயர்ந்துவிடும். சுட்ட தோட்டாக்கூடு குழலில் சிக்கிக்கொள்ளும். அதற்காகவே இத்தோட்டா நீண்டு, முனை நோக்கிச் சரிவாக ஒடுங்கியிருக்கிறது. எளிதில் வெளியே வந்துவிடும். அடியிலே கச்சை கட்டியது போன்ற ஒரு வளையம், தோட்டாவை அதன் இடத்தில் நிறுத்துகிறது.

இத்துப்பாக்கி எந்த ஒன்றிலும் முதன்மையானதன்று. யானைக்கு இதனினும் பெரியவை உண்டு. மானுக்கு இதனினும் நுட்பமானவை உண்டு. ஆனால் எல்லாவற்றுக்கும் போதுமானது, தோளும் தாங்கக்கூடியது. ஒரு நூற்றாண்டுக்கு மேல் சென்ற பின்னும் அது வழக்கொழியாமல் இருப்பதற்குக் காரணம் இதுவே. ஆப்பிரிக்க நாடுகள் பலவற்றின் சட்டங்கள், ஆபத்தான விலங்குகளைச் சுடுவதற்கு இந்த அளவையோ இதற்கு நிகரான அளவையோ கீழெல்லையாக வகுத்திருக்கின்றன.

சட்டம் ஏன் குறுக்கிடவேண்டும்? வேட்டையாடுபவன் தன் விருப்பப்படி எதையேனும் எடுத்துச் செல்லட்டுமே என்று சிலர் கேட்கலாம். அதற்கு விடை குமாவோன் மலைநாட்டில் இருக்கிறது. 1907ஆம் ஆண்டில் சம்பாவத் என்னும் ஊரில் ஜிம் கார்பெட் ஒரு பெண்புலியைக் கொன்றார். நேபாளத்திலும் குமாவோனிலும் அது 436 மக்களைக் கொன்றது என்பது அவர் தரும் கணக்கு. இறந்த புலியின் வாயைத் திறந்து பார்த்தபோது, வலப்பக்கத்துக் கோரைப் பற்களில் மேற்பல் பாதியாக உடைந்திருந்தது. கீழ்ப்பல் எலும்பு வரை முறிந்திருந்தது. எப்பொழுதோ யாரோ சுட்ட குண்டின் வேலை அது. தன் இயற்கை இரையைப் பிடிக்க இயலாத அந்தப் புலி, விறகு பொறுக்கவும் தழை ஒடிக்கவும் காட்டுக்கு வந்த பெண்களைப் பிடிக்கத் தலைப்பட்டது. சுட்டவன் பெயரை வரலாறு குறிக்கவில்லை. அவன் வீடு திரும்பி, 'குறி தப்பிவிட்டது' என்று மட்டும் சொல்லியிருக்கக்கூடும். அவன் அரைகுறையாக விட்ட வேலைக்கு 436 குடும்பங்கள் விலை கொடுத்தன.

வேட்டைக்குரிய காலிபரைத் தேர்வது வெறும் பொழுதுபோக்குக்காரரின் சொந்த விஷயம் அன்று என்பது இதனால் விளங்கும். காயத்தோடு விலங்கை விட்டுவிடுகிறவன், தான் அறியாத ஊர் ஒன்றின் மீது ஆபத்தை ஏவிவிடுகிறான்.

இங்கே ஒன்றையும் கூறவேண்டும். அப்பெண்புலியைக் கொன்றதற்காக ஐக்கிய மாகாண ஆளுநர் சர் ஜான் ஹெவெட், கார்பெட்டுக்கு 275 காலிபர் ரிக்பி துப்பாக்கி ஒன்றைப் பரிசளித்தார். பெல் கையாண்ட அதே 7 மில்லிமீட்டர் அளவுதான் அது. ருத்ரபிரயாகையில் எட்டு ஆண்டுகள் யாத்திரிகரை நடுங்கவைத்து 125 பேரைக் கொன்ற சிறுத்தையை, 1926ஆம் ஆண்டில் அதனாலேயே ஓர் இரவில் அவர் வீழ்த்தினார். சிறிய கருவியும் அறிந்தவன் கையில் போதுமானது. பெரிய கருவியும் அறியாதவன் கையில் போதாதது. எனினும் எல்லாரும் கார்பெட் ஆகிவிட முடியாது. ஆகவே சட்டம் சாதாரணக் கையைக் கருதியே எல்லை வகுக்கவேண்டியிருக்கிறது.

நம் நாட்டில் 1972ஆம் ஆண்டு வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டம் வேட்டையைக் கடுமையாகக் கட்டுப்படுத்தியது. காட்டுக்குச் செல்லும் கால்நடை மருத்துவர் கையில் இன்று இருப்பது மயக்க ஊசி எறியும் துப்பாக்கி. விலங்கின் எடையைக் கண்ணால் மதித்து மருந்தை அளந்து, தூரத்தைக் கணித்து அழுத்தத்தை அமைத்து, தசைப்பற்றுள்ள இடம் நோக்கி அவர் எறிகிறார். மருந்து குறைந்தால் விலங்கு வெருண்டு ஓடி ஊருக்குள் புகும். மிகுந்தால் உயிரே போய்விடும்.

எய்தவன் இருக்க அம்பை நோவானேன் என்பது நம் பழமொழி. விசையைத் தொடுமுன் எய்பவன் அறியவேண்டியவை மூன்று: எதிரே நிற்கும் விலங்கின் உடலமைப்பு, தன் கருவியின் எல்லை, தன் கையின் எல்லை. எந்தக் காலிபரும் அந்த அறிவுக்கு ஈடாகாது.