ஹாப்ஸ் கொடியும் பிளந்த குச்சியும்



நம் பால்கனிக் கம்பிகளில் மணி பிளான்ட், சங்குப்பூ, முல்லை எல்லாம் ஏறியிருக்கின்றன. இரண்டொரு வீடுகளில் வெற்றிலையும் உண்டு. இங்கிலாந்தில் இருக்கும் பிள்ளைகளைப் பார்த்துவிட்டு வந்தவர்கள், அங்கே தோட்டத்து வேலியில் இளம்பச்சைப் பூக்கள் கொத்துக் கொத்தாகத் தொங்கும் ஒரு கொடியைக் கவனித்திருக்கலாம். அதன் பெயர் ஹாப்ஸ். பீருக்குக் கசப்பும் மணமும் தருவது அந்தப் பூதான். குடியை ஆதரித்து எழுதுகிறேன் என்று யாரும் செயலாளரிடம் புகார் கொடுக்க வேண்டாம். முப்பது வருடங்களுக்கு மேல் வங்கியில் கணக்கெழுதிய எனக்கு இந்தக் கொடியில் பிடித்தது அதன் கணக்கு வழக்கு மட்டுமே.

முதலில் கொடியைப் பற்றிச் சிறிது. குளிர்காலத்தில் தரைக்கு மேல் இருப்பதெல்லாம் காய்ந்துவிடும். வேர் மட்டும் மண்ணுக்குள் உயிரோடு இருக்கும். வசந்தத்தில் மறுபடி முளைத்து, கடிகார முள் போகும் திசையிலேயே சுற்றிக்கொண்டு, இரண்டு மூன்று மாதங்களில் 5, 6 மீட்டர் ஏறிவிடும். ஆண் கொடி வேறு, பெண் கொடி வேறு. பெண் பூவின் இதழடியில் இருக்கும் மஞ்சள் தூள்தான் பீரைக் கெடாமல் காக்கிறது. நீண்ட கோடைப் பகலும் நல்ல குளிர்காலமும் இதற்கு வேண்டும். இந்தியாவில் ஹிமாச்சலப் பிரதேசத்தின் லாஹௌல் பள்ளத்தாக்கில் பயிராகிறது. நம் மொட்டை மாடியில் எதிர்பார்க்க வேண்டாம்.

இங்கிலாந்தில் இது தோட்டப் பயிரானது 1500களின் தொடக்கத்தில், தென்கிழக்கே உள்ள கென்ட் மாவட்டத்தில். 1574இல் அந்த மாவட்டத்துக்காரரான ரெஜினால்ட் ஸ்காட் ஹாப்ஸ் வளர்ப்புக்கென்றே ஒரு புத்தகம் எழுதினார். மேடு போடுவது, கழி நடுவது, கொடியைக் கட்டுவது எல்லாம் படங்களோடு அதில் உண்டு. நம் ஊர் வெற்றிலைக் கொடிக்காலில் அகத்தி செய்யும் வேலையை அங்கே மரக்கழிகள் செய்தன. பின்னாளில் உயரமான கம்பிகளில் கயிறு கட்டினார்கள். கட்டுபவர்கள் பொய்க்கால் மேல் நடந்தார்கள். அதற்கான தேங்காய் நார்க் கயிறு நம் பக்கத்துத் தென்னை நாட்டிலிருந்து போனது என்பது நமக்கு ஒரு சின்னப் பெருமை.

பணம் புரளும் இடத்துக்கு வரி வராமல் இருக்குமா? 1711 முதல் ஒரு பவுண்டு எடை ஹாப்ஸுக்கு ஒரு பென்னி என்று அரசு தீர்வை விதித்தது. மொத்த வரி வசூலைப் பார்த்தால் அந்த வருட விளைச்சல் தெரிந்துவிடும். ஆகவே இந்த வருடம் வரி எவ்வளவு வரும் என்று பந்தயம் கட்டவே ஒரு கூட்டம் இருந்தது. 1862இல் அந்த வரி நீக்கப்பட்டது. 1878இல் இங்கிலாந்தில் ஹாப்ஸ் பயிரான பரப்பு ஏறக்குறைய 72,000 ஏக்கர்.

இத்தனை ஏக்கரிலும் பூப் பறிக்க, செப்டம்பர் மாதத்தில் மூன்று நான்கு வாரங்கள்தான் அவகாசம். உள்ளூர் ஆட்கள் போதவில்லை. கிழக்கு லண்டனின் ஏழைக் குடும்பங்கள் பாத்திரம், படுக்கை, கைக்குழந்தையோடு தனி ரயில்களில் வந்து இறங்கின. நாடோடிகளும் ஐரிஷ்காரர்களும் வந்தார்கள். பண்ணைக் குடிசைகளில் தங்கிப் பறித்தார்கள். பலருக்கு வருடத்தில் கிடைத்த ஒரே கிராமத்துக் காற்று அதுதான். ஆபத்தும் இருந்தது. 1853 அக்டோபர் 20 அன்று ஹாட்லோ கிராமத்தருகே, வேலை முடிந்து திரும்பிய வண்டி ஒன்று ஹார்ட்லேக் மரப்பாலத்திலிருந்து வெள்ளம் ஓடிய மெட்வே ஆற்றில் கவிழ்ந்து 30 பேர் மூழ்கிப் போனார்கள். அவர்களுடைய நினைவுச் சின்னம் இன்றும் ஹாட்லோ தேவாலய வளாகத்தில் இருக்கிறது.

இனி கூலிக் கணக்கு. ஒரு மரக்குச்சியை நீளவாக்கில் இரண்டாகப் பிளப்பார்கள். ஒரு பாதி கணக்குப்பிள்ளையிடம், மறு பாதி பறிப்பவரிடம். பூவை அளந்ததும் இரண்டையும் ஒட்டிவைத்து, குறுக்கே அரத்தால் ஒரு வெட்டுப் போடுவார்கள். வெட்டு இரண்டு பாதியிலும் விழும். ஒருவர் தனியாகக் கூட்டினால் மற்றதோடு பொருந்தாது. நம்மிடம் பாஸ் புக், வங்கியில் லெட்ஜர் என்று இருந்ததே, அதே ஏற்பாடுதான். எழுதப் படிக்கத் தெரியாதவருக்கும் புரியும். இங்கிலாந்தின் அரசுக் கருவூலமே இப்படிக் குச்சியில் கணக்கு வைத்திருந்தது. அந்தப் பழைய குச்சிகளை 1834இல் உலையில் போட்டு எரித்தபோதுதான் தீ பரவி நாடாளுமன்றக் கட்டடமே எரிந்தது. ஹாப்ஸ் தோட்டங்களில் குச்சிக்குப் பதில் ஈய வில்லைகளும், பிறகு கணக்குப் புத்தகமும் வந்தன.

பதிவு இவ்வளவு சுத்தமாக இருந்தும் தோட்டத்தில் தகராறு ஓயவில்லை. காரணம் அளவில் இருந்தது. கூலி கொடுத்தது கூடைக் கணக்கில். ஒரு ஷில்லிங்குக்கு ஆறு கூடையா, ஏழு கூடையா, எட்டா என்று பேரம். பண்ணைக்காரர் பூவை உலர்த்தி விற்றதோ எடைக் கணக்கில். பூ காற்றைப் போல லேசானது. அளப்பவர் கூடையை அழுத்தி அமுக்கினால், பறிப்பவரின் ஐந்து கூடை நான்காகிவிடும். அதனால் அளப்பவர் வருகிறார் என்றதும் பெண்கள் தொட்டியில் கையை விட்டுப் பூவை உதறி உப்பவைப்பார்கள். தலைதட்டி அளப்பதா, அமுக்கி அளப்பதா என்று நம் களத்து மேட்டில் மரக்காலை வைத்து நடந்த சண்டைதான் இதுவும். கூடை எண்ணிக்கையைக் குறைக்கச் சொல்லி வேலைநிறுத்தங்களும் நடந்தன. 1931இல் எழுத்தாளர் ஜார்ஜ் ஆர்வெல் தாமே கென்ட்டுக்குப் போய்ப் பூப் பறித்துவிட்டு, அந்தக் கூலியின் அற்பத்தை எழுதினார்.

1950, 60களில் பறிக்கும் இயந்திரங்கள் வந்ததும் லண்டன் குடும்பங்களின் அந்தப் பயணம் நின்றது. கொடி நிற்கவில்லை. கென்ட்டின் வை கல்லூரி உருவாக்கி 1990களில் வெளியான ஃபர்ஸ்ட் கோல்ட் என்ற குட்டை ரகம், வீட்டு வேலிக்கே போதும். இப்போது லண்டனில் சில பகுதிவாசிகள் அவரவர் தோட்டத்திலும் தொட்டியிலும் வளர்த்து, அறுவடையை ஒரே நாளில் ஓரிடத்தில் சேர்க்கிறார்கள். அங்கே அமுக்கி அளப்பவர் யாரும் இல்லை.

குச்சியில் விழுந்த வெட்டு பொய் சொல்லவில்லை, கூடைதான் சொன்னது. நம் வளாகத்துக்குத் தண்ணீர் லாரி வரும்போதும் ரசீதில் இரண்டு கையெழுத்து வாங்குகிறோம். லாரி நிறைய இருந்ததா என்று மூடியைத் திறந்து பார்ப்பவர் யார்? அடுத்த முறை லாரி வரும்போது, நேரமிருப்பவர்கள் கீழே இறங்கி வாருங்கள்.