இருவீச்சு மண்பாதை மோட்டார் சைக்கிள்

இருவீச்சு மண்பாதை மோட்டார் சைக்கிள் என்பது செம்மண் தடம், மணல், சேறு, கற்பரப்பு ஆகியவற்றில் ஓட்டுவதற்கென அமைக்கப்பட்ட, இருவீச்சு எஞ்சின் பொருத்திய எடை குறைந்த வண்டி ஆகும். பேச்சுவழக்கில் இது டூ ஸ்ட்ரோக் டர்ட் பைக் எனப்படுகிறது. 50 முதல் 125 சிசி வரையிலானவை பொதுவாகச் சிறிய வகையாகக் கருதப்படுகின்றன. யமாகா ஒய்இசட் 85, கேடிஎம் 65 எஸ்எக்ஸ் போன்றவை தொழிற்சாலையிலேயே இப்பயன்பாட்டிற்கென உருவாக்கப்படுபவை. இந்தியாவில் இத்தகைய வண்டிகள் நீண்ட காலம் எளிதில் கிடைக்கவில்லை. எனவே யமாகா ஆர்எக்ஸ் 100 என்னும் சாலை வண்டியை மண்பாதைக்கு ஏற்ப மாற்றியமைக்கும் வழக்கம் வேரூன்றியது. இக்கட்டுரை அவ்வண்டியையும், புதுச்சேரி போன்ற கடற்கரை நகரில் அதனைப் பேணும் முறையையும் முதன்மையாக எடுத்துக்கொள்கிறது.

வரலாறு

1960களில் மோட்டோகிராஸ் பந்தயங்களில் எடை குறைந்த இருவீச்சு வண்டிகள் நான்குவீச்சு வண்டிகளை முந்தத் தொடங்கின. 1968இல் யமாகா வெளியிட்ட டிடி-1 என்னும் 250 சிசி வண்டி, பந்தய வீரர் அல்லாதோரும் மண்பாதையில் ஓட்டக்கூடிய வண்டிகளுக்குப் பெரும் சந்தையை உருவாக்கியது. ஏறத்தாழ முப்பது ஆண்டுகள் நீடித்த இருவீச்சின் ஆதிக்கம், அதே நிறுவனத்தின் 1998ஆம் ஆண்டு மாதிரியான ஒய்இசட் 400 எஃப் என்னும் நான்குவீச்சு வண்டியின் வருகையோடு தளர்ந்தது. சிறுவர்களுக்கான சிறிய வகைகளில் இருவீச்சு இன்றும் வலுவாக உள்ளது.

இந்தியாவில் எஸ்கார்ட்ஸ் நிறுவனம் யமாகாவின் கூட்டுறவுடன் 1985 முதல் 1996 வரை ஆர்எக்ஸ் 100-ஐத் தயாரித்தது. இதன் சிலிண்டர் விட்டமும் வீச்சு நீளமும் தலா 50 மி.மீ. ஆகும். இதிலிருந்து 98 சிசி கொள்ளளவு கிடைக்கிறது. ஏறத்தாழ 100 கிலோ எடைக்கு 11 குதிரைத்திறன் என்பது அக்காலத்து இந்தியச் சாலைகளில் வியப்பளித்த விகிதம். டிவிஎஸ்-சுசுகி ஷோகன் போன்ற போட்டி வண்டிகளோடு இதுவும் மண்தடப் பந்தயங்களில் பரவலாக ஓடியது. 1996இலும் 2000இலும் உமிழ்வு விதிகள் இறுக்கப்பட்டபோது, எரியாத எரிபொருளைப் புகையோடு வெளியேற்றும் இருவீச்சு எஞ்சின்கள் படிப்படியாக விடைபெற்றன. இன்று ஓடும் ஒவ்வோர் ஆர்எக்ஸ் 100-உம் கால் நூற்றாண்டைக் கடந்த வண்டி.

எஞ்சினின் தனித்தன்மை

நான்குவீச்சு எஞ்சினில் எண்ணெய் கிராங்கு அறையில் தங்கிச் சுழன்றுகொண்டிருக்கும். உள்ளிழுக்கும் காற்றுக்கும் அதற்கும் தொடர்பு இல்லை. இருவீச்சில் நிலைமை வேறு. பிஸ்டன் மேலேறும்போது காற்றும் பெட்ரோலும் எண்ணெயும் கலந்த கலவை ரீடு வால்வு வழியாகக் கிராங்கு அறைக்குள் இழுக்கப்படுகிறது. பிஸ்டன் இறங்கும்போது அதே கலவை அழுத்தப்பட்டு, பக்கத் துளைகள் வழியே சிலிண்டருக்குள் ஏறுகிறது. கிராங்கு பேரிங்கிற்கும் பிஸ்டனுக்கும் கிடைக்கும் ஒரே எண்ணெய் இக்கலவையில் வருவதுதான். கார்புரேட்டர் வழியாக நுழையும் தூசி, உப்பு, நீர் ஆகிய அனைத்தும் முதலில் சென்று சேரும் இடமும் அந்தப் பேரிங்கே. கியர்ப்பெட்டிக்குத் தனி எண்ணெய் உண்டு. அது எஞ்சினைக் காப்பாற்றாது.

எண்ணெயும் எரிபொருளும்

ஆர்எக்ஸ் 100-இல் ஆட்டோலூப் எனப்படும் பம்பு, தனிக் கலத்திலிருந்து டூ-டி எண்ணெயை எஞ்சினுக்குச் செலுத்துகிறது. பழைய பம்பை நம்பாத மெக்கானிக்குகள் பலர் அதைக் கழற்றிவிட்டு, பெட்ரோலிலேயே எண்ணெயைக் கலக்கச் சொல்வர். லிட்டருக்கு 20 மி.லி. என்பது 50:1 விகிதம், 25 மி.லி. என்பது 40:1. பந்தய வேகத்தில் தொடர்ந்து ஓடும் எஞ்சின்களுக்கு 32:1 (ஏறத்தாழ 31 மி.லி.) பரவலான தேர்வு. பம்பை வைத்துக்கொள்வோர், எண்ணெய்க் குழாயைக் கழற்றி மாட்டும்போதெல்லாம் அதனுள் சிக்கும் காற்றை வெளியேற்ற வேண்டும். ஒரு காற்றுக்குமிழி போதும், எஞ்சின் எண்ணெயின்றி ஓட.

எண்ணெயைக் கூட்டினால் பாதுகாப்பு கூடும் என்ற எண்ணம் பாதி உண்மை. ஜெட் துளை வழியே செல்லும் திரவத்தில் எண்ணெயின் பங்கு கூடினால் பெட்ரோலின் பங்கு குறையும், கலவை சற்று மெலியும், எஞ்சின் சூடாகும். விகிதத்தை மாற்றுவோர் ஜெட் அளவையும் சரிபார்ப்பது இதனாலேயே.

கலப்பு முறையில் மற்றொரு கவனமும் தேவை. அதிவேகத்தில் ஓடும்போது திராட்டிலை முழுதாக மூடி, எஞ்சினை வைத்தே வேகத்தைக் குறைத்தால், சுழற்சி மிகுந்திருக்க எண்ணெய் வரவு மட்டும் ஏறக்குறைய நின்றுவிடும். அனுபவமுள்ள ஓட்டுநர்கள் கிளட்சைப் பிடித்து, அவ்வப்போது திராட்டிலைச் சிறிது திறந்துவிடுவர்.

2025 வாக்கில் நாடெங்கும் பரவிய இ20 பெட்ரோல் (20 விழுக்காடு எத்தனால்) இவ்வண்டிகளுக்குப் புதிய சிக்கல். எத்தனால் எரியக் குறைந்த காற்றே போதும் என்பதால், பழைய ஜெட்டில் கலவை ஏழெட்டு விழுக்காடு மெலிந்துவிடுகிறது. பெரிய ஜெட் தேவைப்படலாம். எத்தனால் ஈரத்தை ஈர்க்கும். நீர் அளவுக்கு மீறினால், நீரும் எத்தனாலும் சேர்ந்து தொட்டியின் அடியில் தனி அடுக்காகப் படியும். டூ-டி எண்ணெய் அந்த அடுக்கில் கரையாது. பெட்ரோல் குழாய் முதலில் இழுப்பதோ அடியில் உள்ளதையே. கடற்கரை ஊரில் பல வாரங்கள் நிறுத்தி வைத்த வண்டியைப் பழைய கலவையோடு உதைத்துக் கிளப்புவது இந்த ஒரு காரணத்தாலேயே ஆபத்தானது. தொட்டியையும் கார்புரேட்டர் கிண்ணத்தையும் வடித்துவிட்டுப் புதிதாகக் கலப்பதே முறை.

மண்பாதைக்கு அமைத்தல்

முதல் மாற்றம் பெரும்பாலும் ஸ்ப்ராக்கெட்டில் தொடங்கும். முன்பல் எண்ணிக்கை 14இலிருந்து 13ஆகக் குறைந்தால் பின்சக்கரத்தின் இழுவிசை ஏறத்தாழ 7 முதல் 8 விழுக்காடு கூடும். உச்ச வேகம் அதே அளவில் குறையும். செலவு குறைவு, விளைவு உடனடி, வேண்டாமெனில் திரும்ப மாற்றலாம். குமிழ் டயர்களை மண்ணில் 12 முதல் 15 பிஎஸ்ஐ அழுத்தத்தில் ஓட்டினால் பிடிப்பு கூடும். ஆனால் டியூப் நழுவி வால்வு அறுபடாமலிருக்க ரிம்மில் டயர்ப்பூட்டு வேண்டும்.

சஸ்பென்ஷனில்தான் சாலை வண்டியின் எல்லை தெரியும். ஒய்இசட் 85 போன்ற வண்டியின் சக்கரங்கள் 25 செ.மீ.க்கு மேல் மேலும் கீழும் அசையும். எடையும் ஏறத்தாழ 75 கிலோதான். ஆர்எக்ஸ் 100-இன் சட்டகம் உயரத் தாவல்களுக்கு உருவாக்கப்பட்டதன்று. எத்தனை மாற்றினாலும் அதனை வேகமான மண்தட வண்டியாக்கலாமேயன்றி, மோட்டோகிராஸ் வண்டியாக்க இயலாது.

சைலன்சருக்குப் பதில் பொருத்தப்படும் விரிவறைப் புகைபோக்கி ஓசைக்காக அன்று. வெளியேறும் புகையின் அழுத்த அலை அதன் குறுகும் கூம்பில் மோதித் திரும்பி, துளை வழியே தப்பியோடும் புதுக்கலவையைச் சிலிண்டருக்குள் தள்ளுகிறது. இது ஒரு குறிப்பிட்ட சுழற்சி வேகத்தில் மட்டுமே சரியாக நிகழும். உச்சத்திற்கென வடிவமைத்தது தாழ்வேகத்தில் சேற்றிலிருந்து மீளத் திணறும்.

எந்த மாற்றத்திற்குப் பின்னும் ஸ்பார்க் பிளக்கைப் பார்ப்பது நல்ல சோதனை. முழுத் திராட்டிலில் சிறிது தொலைவு ஓட்டி, கிளட்சைப் பிடித்துக்கொண்டே எஞ்சினை அணைத்துப் பிளக்கைக் கழற்ற வேண்டும். சாக்லேட் பழுப்பு நிறம் சரியான கலவையைக் காட்டும். ஈரக் கருமை பெட்ரோல் மிகுதி. வெளிறிய வெண்மை, எஞ்சின் சீஸ் ஆவதற்கு முந்தைய எச்சரிக்கை.

புதுச்சேரிச் சூழலில் பராமரிப்பு

புதுச்சேரி நகரின் வடமேற்கே கோரிமேட்டிலிருந்து காலாப்பட்டு, ஆரோவில் வரை செம்மண் மேடு பரந்துள்ளது. 1968இல் ஆரோவில் தொடங்கப்பட்டபோது மழையரிப்பால் பள்ளமும் ஓடையுமாகப் பொட்டலாகக் கிடந்த இந்நிலத்தின் பெரும்பகுதி இன்று காடு. கோடையில் இம்மண்ணின் தூசி மாவு போல் நுண்ணியது. நுரைவகைக் காற்று வடிகட்டியை மண்பாதையில் ஓட்டிய ஒவ்வொரு முறையும் கழுவி, நன்கு உலர்த்தி, எண்ணெயில் நனைத்துப் பிழிந்து மாட்ட வேண்டும். உலர்ந்த நுரை இத்தூசியைத் தடுக்காது. பெட்ரோலில் கழுவுவது பரவலான வழக்கமெனினும், அது நுரையின் ஒட்டுகளைக் கரைக்கும். சோப்பு நீர் மேல்.

கடற்காற்றின் உப்பு செயின், ஸ்போக்குகள், மின் இணைப்புகள் ஆகியவற்றை அரிக்கும். கடற்கரை மணலில் ஓட்டிய அன்றே நன்னீரில் கழுவி, செயினுக்கு எண்ணெய் இடுவது அவசியம்.

வடகிழக்குப் பருவமழைக் காலத்தில் வெள்ளமே பெரும் பகை. 2024 நவம்பர் இறுதியில் ஃபெஞ்சல் புயலின்போது புதுச்சேரியில் 24 மணி நேரத்தில் 46 செ.மீ.க்கும் மேல் மழை பெய்து, தெருக்களில் நின்ற வண்டிகள் நீரில் மூழ்கின. மூழ்கிய இருவீச்சு வண்டியைப் பிளக் கழற்றாமல் உதைக்கக் கூடாது. நீர் அழுந்தாது, வளைவது கனெக்டிங் ராடாகவே இருக்கும். பிளக்கையும் கார்புரேட்டரையும் கழற்றி, வண்டியைச் சாய்த்து நீரை வடித்து, பிறகு பலமுறை உதைத்து வெளியேற்ற வேண்டும். அடுத்துப் பிளக் துளையிலும் உள்ளிழுப்புத் துளையிலும் எண்ணெய் ஊற்றி மீண்டும் சுழற்ற வேண்டும். கியர் எண்ணெய் பால்போல் வெளுத்திருந்தால் மாற்றியாக வேண்டும். இவற்றை அன்றே செய்தால் செலவு சில நூறு ரூபாய். ஓரிரு நாள் விட்டால் பேரிங் துருப்பிடிக்கும். பிறகு எஞ்சினை இரண்டாகப் பிளந்து, கிராங்கை அழுத்தப்பொறியில் பிரித்துச் சேர்க்க நேரிடும்.

தேய்மானமும் போரிங்கும்

குளிர்ந்த எஞ்சினை உடனே விரட்டினால், அலுமினியப் பிஸ்டன் வார்ப்பிரும்புச் சுவரைவிட விரைவாக விரிந்து இறுகும். ஆயில் சீல் கிழிந்தால் அதன்வழி காற்று புகுந்து கலவை மெலியும். காரணமின்றி ஐடிலிங் ஏறுவது இதன் முதல் அடையாளம். புகைத்துளையிலும் சைலன்சரிலும் சேரும் கரியை அவ்வப்போது சுரண்டி எடுக்காவிட்டால் வண்டி இழுவையை இழக்கும்.

தேய்ந்த சிலிண்டரைக் கடைசலில் 0.25 மி.மீ. படிகளாக 1 மி.மீ. வரை அகலப்படுத்தி, பெரிய பிஸ்டன் போடுவது வழக்கம். முழு 1 மி.மீ. போரிங்கிற்குப் பின் ஆர்எக்ஸ் 100-இன் கொள்ளளவு 102 சிசி ஆகிவிடும். 100 சிசி வரம்பில் போட்டியிட எண்ணுவோர் கவனிக்க வேண்டிய கணக்கு இது. மெக்கானிக்குகள் முதலில் 1 மி.மீ. போட்டுவிட்டால், அடுத்த தேய்மானத்திற்குச் சுவரில் இடம் மிஞ்சாது. எனவே தேவையான சிறு படியை மட்டும் எடுக்கச் சொல்ல வேண்டும்.

சட்டநிலை

மோட்டார் வாகனச் சட்டம் 1988இன் 52ஆம் பிரிவு, பதிவுச் சான்றிலுள்ள விவரங்கள் தயாரிப்பாளரின் வரையறையிலிருந்து மாறும்படி வண்டியை மாற்றுவதைத் தடுக்கிறது. 2019இல் உச்ச நீதிமன்றமும் இதனை உறுதிசெய்தது. 15 ஆண்டுகளைக் கடந்த வண்டியின் பதிவை ஐந்தாண்டுக்கு ஒருமுறை ஆய்வுக்கு உட்படுத்திப் புதுப்பிக்க வேண்டும். புதுச்சேரி ஆட்சிப்பகுதி தமிழகக் கிராமங்களோடு துண்டுதுண்டாகப் பின்னிக் கிடப்பதால், பிஒய் எண் கொண்ட வண்டி சில கிலோமீட்டருக்குள் பலமுறை எல்லை தாண்டும். சட்டம் இருபுறமும் ஒன்றே. ஆகவே பலர் சாலைக்கு ஒரு வண்டியை மாற்றமின்றி வைத்துக்கொண்டு, பந்தய வண்டியை டெம்போவில் ஏற்றித் தடத்திற்குக் கொண்டுசெல்கின்றனர். கழற்றிய மூலச் சைலன்சரையும் ஆட்டோலூப் பம்பையும் பழைய இரும்புக்கடைக்குப் போடாமல் வைத்திருப்பது நன்று. அவற்றின் அசல் உதிரிகள் இன்று அரிதாகிவிட்டன.