மருத்துவ ஆய்வகப் பணி: சேர்வராயன் மலையும் தமிழ்நாடும்

நோயாளியின் ரத்தம், சளி, சிறுநீர், திசு ஆகியவற்றைச் சோதித்து முடிவை மருத்துவருக்குத் தருவது மருத்துவ ஆய்வகப் பணி. இதைச் செய்பவருக்கு அரசு ஆவணங்களில் ஆய்வக நுட்புநர் என்று பெயர். மற்ற இடங்களில் லேப் டெக்னீஷியன். பணமும் ஆளும் குறைந்த நாடுகளில் இவர்களைப் பயிற்றுவிப்பதும், இவர்கள் தரும் முடிவை நம்பும்படி செய்வதும் இன்று தனித் துறையாகவே வளர்ந்துவிட்டன. அதில் தமிழ்நாட்டின் பங்கு பெரும்பாலும் காசநோயாளியின் சளியோடு தொடர்புடையது.

சேர்வராயன் மலையில் இந்தப் பணியின் சிக்கல் கண்ணுக்கே தெரியும். சேலத்திலிருந்து 20 கொண்டை ஊசி வளைவுகள் ஏறினால், கடல் மட்டத்திலிருந்து சுமார் 1,500 மீட்டர் உயரத்தில் ஏற்காடு. அதைச் சுற்றிக் காபித் தோட்டங்களும், மலையாளிப் பழங்குடியினரின் சிற்றூர்களும் சிதறிக் கிடக்கின்றன. இருமல்காரர் ஒருவர் சளி கொடுக்க ஒரு நாள் கூலியை இழக்கிறார். முடிவு வாங்க மறுநாளும் வரச் சொன்னால் பலர் வருவதில்லை. இத்தகைய இடங்களுக்காகவே சமவெளியில் 30,000 பேருக்கு ஒன்றாக உள்ள ஆரம்ப சுகாதார நிலையம், மலைப்பகுதியிலும் பழங்குடிப் பகுதியிலும் 20,000 பேருக்கு ஒன்று என்று வகுக்கப்பட்டது. சளிப் பரிசோதனை மையத்துக்கான வரம்பும் ஒரு லட்சத்திலிருந்து 50,000 ஆகத் தளர்த்தப்பட்டது.

தொடக்க காலம்

மலைக்குக் காபியைக் கொண்டுவந்தவர் சேலம் கலெக்டர் எம்.டி. காக்பர்ன் என்பர், 1820 என்ற ஆண்டைச் சிலர் சொல்ல, வேறு சிலர் அதற்குச் சில ஆண்டுகள் பிந்தியே வைக்கின்றனர். தோட்டங்களோடு கூலியாட்களும் வந்து குடியேறினர். தோட்ட முதலாளி மருத்துவ வசதி தர வேண்டும் என்பது 1951-ஆம் ஆண்டின் தோட்டத் தொழிலாளர் சட்டத்தில்தான் இடம்பெற்றது.

சென்னை மாகாணத்தின் பொதுச் சுகாதார ஆய்வகம் கிண்டி கிங் நிலையம். அம்மைப்பால் தயாரிப்பு நிலையமாகத் தொடங்கிய 1899-ஐ அதன் பிறப்பாண்டாகக் கொள்வோர் உண்டு; இன்றைய பெயரோடு கட்டடம் எழுந்த 1905-ஐக் கொள்வோரும் உண்டு. குன்னூர் பாஸ்டர் நிலையம் 1907-இல் தொடங்கியது. ஐடா ஸ்கடர் 1900-இல் வேலூரில் ஒற்றைப் படுக்கையோடு தொடங்கிய சிகிச்சையிடம் 1918-இல் மருத்துவப் பள்ளி ஆயிற்று. பின்னாளில் ஆய்வக நுட்புநர்களைப் பயிற்றுவிக்கும் முக்கிய இடங்களில் அதுவும் ஒன்று.

மலேரியாச் சிலைடு

ரத்தத் தடவலைச் சாயமேற்ற 1944-இல் ஜஸ்வந்த் சிங், பட்டாசார்ஜி இருவரும் உருவாக்கிய ஜே.எஸ்.பி. சாயம் இந்திய மலேரியாப் பணிக்கு முதுகெலும்பாக இருந்தது. உள்நாட்டிலேயே கலக்கலாம், விலை மலிவு, சாயமேறவும் நொடிகளே போதும். 1953-இல் மலேரியாக் கட்டுப்பாட்டுத் திட்டமும் 1958-இல் ஒழிப்புத் திட்டமும் வந்தன. களப்பணியாளர் வீடு வீடாகச் சென்று காய்ச்சல்காரரின் விரலில் ஊசி குத்திச் சிலைடு எடுத்து வந்தார். 1977-ஆம் ஆண்டின் திருத்திய திட்டம் நுண்ணோக்கியை ஆரம்ப சுகாதார நிலையத்துக்கே கொண்டுவந்தது. பாசிட்டிவ் என எழுதப்பட்ட சிலைடுகளையும், நெகட்டிவ் என எழுதப்பட்டவற்றில் ஒரு பகுதியையும் மேலிடத்தில் இன்னொருவர் மறுபடி பார்த்தார். ஒருவர் பார்த்ததை மற்றொருவர் பார்க்கும் இந்த வழக்கம்தான் பிற்காலச் சளிப் பரிசோதனைக்கும் அடிப்படை.

சென்னை காசநோய் ஆய்வு

இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் குழுமம், சென்னை அரசு, உலக சுகாதார நிறுவனம், பிரிட்டிஷ் மருத்துவ ஆராய்ச்சிக் குழு ஆகிய நான்கும் சேர்ந்து 1956-இல் சென்னையில் காசநோய் வேதிச் சிகிச்சை மையத்தைத் தொடங்கின. (இன்று அது தேசியக் காசநோய் ஆராய்ச்சி நிறுவனம்.) முதல் இயக்குநர் வாலஸ் ஃபாக்ஸ். கேள்வி எளிமையானது: நோயாளியைச் சானடோரியத்தில் வைத்து நல்ல சாப்பாடும் ஓய்வும் கொடுப்பதற்கும், நெருக்கடியான வீட்டில் வைத்தே மருந்து கொடுப்பதற்கும் என்ன வேறுபாடு? இருநூறுக்குச் சற்றுக் குறைந்த நோயாளிகள் குலுக்கல் முறையில் இரு பிரிவாகப் பிரிக்கப்பட்டனர். 1959-இல் வெளியான முடிவின்படி, ஓராண்டில் கிருமி அடங்கியவர்கள் வீட்டில் 86 சதவீதம், சானடோரியத்தில் 92 சதவீதம். வீட்டுச் சிகிச்சை போதும் என்று உலகம் முடிவு செய்ததற்கு இது பெரிய காரணம்.

மருத்துவ வரலாறுகளில் இந்த ஆய்வின் புகழ் மருந்துக்கே போகிறது. ஆனால் 'கிருமி அடங்கியது' என்று சொன்னது ஆய்வகம். சளியைத் திரும்பத் திரும்ப வாங்கி, லோவன்ஸ்டைன்-ஜென்சன் ஊடகத்தில் வாரக் கணக்கில் வளர்த்து, மருந்துக்கு அடங்குகிறதா என்று சோதித்த வேலை அது. லண்டனிலிருந்து டெனிஸ் மிச்சிசன் நுண்ணுயிரியல் வழிகாட்டியாக இருந்தார். தென்னிந்தியக் காசக் கிருமிகள் சில கினிப்பன்றிகளில் வீரியம் குறைந்தவையாக இருந்ததையும் அவர் குழுவே கண்டது; சென்னை முடிவுகளில் அதற்கு எவ்வளவு பங்கு என்பதில் கருத்து ஒன்றாக இல்லை. ஒளிரும் சாயமிட்டுச் சிலைடு பார்க்கும் முறையை ஹோல்ஸ்ட், மிச்சிசன், ராதாகிருஷ்ணா மூவரும் 1959-இலேயே சோதித்து எழுதினர். குறைந்த உருப்பெருக்கத்தில் விரைவாகப் பார்க்க முடிந்தாலும், அதற்கு இருட்டறையும் விலையுயர்ந்த விளக்கும் வேண்டியிருந்தன. எல்.இ.டி. விளக்கு வந்த பிறகே, ஏறத்தாழ அரை நூற்றாண்டு கழித்து, அது சிறிய ஆய்வகங்களுக்கு எட்டியது.

1959-இல் பெங்களூரில் தேசியக் காசநோய் நிறுவனம் தொடங்கப்பட்டது. அங்கிருந்து பானர்ஜியும் ஆண்டர்சனும் 1963-இல் வெளியிட்ட ஆய்வு, அறிகுறி உள்ளவர்களில் பாதிக்கு மேற்பட்டோர் தாமாகவே மருத்துவ நிலையத்துக்கு வந்துவிடுகிறார்கள் என்று காட்டியது. வந்தவர்களை இருமல் மருந்து கொடுத்து அனுப்பிவிடுவதே வழக்கமாக இருந்தது. வீடு வீடாகத் தேடுவதை விட, அந்த நிலையத்தில் ஒரு நுண்ணோக்கியும் அதைப் பார்க்கத் தெரிந்தவரும் இருப்பது பயன் தரும் என்ற எண்ணம் இதிலிருந்து வலுப்பெற்றது.

சளிச் சிலைடும் மறுவாசிப்பும்

அந்த நுட்புநரின் வேலையைச் சற்று நெருங்கிப் பார்க்கலாம். சளி டப்பாவைத் திறந்ததும் எச்சில் எது, கோழை எது என்று பிரித்தறிய வேண்டும். எச்சிலில் கிருமி கிடைப்பது அரிது. தீயில் பழுக்கக் காய்ச்ச வேண்டிய கம்பி வளையத்துக்கு மாற்றாக இந்திய ஆய்வகங்கள் விளக்குமாற்றுக் குச்சியைப் பிடித்துக்கொண்டன. ஈர்க்கை ஒடித்து, அதன் பிசிறான நுனியால் மஞ்சள் படிந்த கெட்டியான பகுதியை எடுத்து, 3-க்கு 2 செ.மீ. அளவில் தடவுவார்கள். ஒரு மாதிரிக்கு ஒரு குச்சி. வேலை முடிந்ததும் அது கிருமிநாசினிக்குள் போய்விடும். பிறகு கார்பால் ஃபுக்சின் சாயத்தை ஊற்றிக் கீழிருந்து ஆவி வரும்வரை சூடாக்குவார்கள். கொதிக்க விடக் கூடாது. 25 சதவீத கந்தக அமிலம் மற்றவற்றின் நிறத்தைக் கழற்றிவிடும், காசக் கிருமி மட்டும் சிவப்பை விடாது. கடைசியில் மெத்திலீன் நீலம். நீலப் பின்னணியில் மெல்லிய சிவப்புக் கோடாக அது தெரியும்.

அதைத் தேடி 100 பார்வைப் புலங்களை நகர்த்த வேண்டும். நூறு புலத்தில் 10 முதல் 99 கிருமி இருந்தால் '1+'. ஒரு புலத்திலேயே பத்துக்கு மேல் தெரிந்தால் '3+'. மின்சாரம் நம்பகமில்லாத நிலையங்களில் கண்ணாடி பொருத்திய நுண்ணோக்கியைச் சன்னலோரம் வைத்து வெயிலில் பார்த்த காலமும் உண்டு. ஒருவர் ஒரு நாளில் 20 முதல் 25 சிலைடுக்கு மேல் பார்க்கக் கூடாது என்பது பொதுவான வழிகாட்டுதல், ஏனென்றால் கண் சோர்ந்தால் நெகட்டிவ்தான் எழுதப்படும்.

1997-இல் தொடங்கிய திருத்திய தேசியக் காசநோய்த் திட்டம், இந்த வேலையைக் கண்காணிக்க முதுநிலை ஆய்வக மேற்பார்வையாளர் என்ற பதவியை உருவாக்கியது. அவர் தம் வட்டாரத்து மையங்களுக்கு மாதம் ஒரு முறையாவது போக வேண்டும். பார்த்த சிலைடு எதையும் நுட்புநர் எறிவதில்லை; பதிவேட்டு வரிசைப்படி பெட்டியில் அடுக்கி வைக்கிறார். அதிலிருந்து மாதந்தோறும் குலுக்கலாக எடுக்கும் சிலைடுகளை, முதல் முடிவு தெரியாத இன்னொருவர் வாசிக்கிறார். இருவர் முடிவும் வேறுபட்டால் மூன்றாமவர் நடுவராகிறார். தவறு தெரிந்தால் ஆளைத் தண்டிப்பது நோக்கமன்று. சாயம் பழசா, லென்ஸில் பூஞ்சையா, வேலைப்பளு மிகுதியா என்று காரணம் தேட வேண்டும். இந்தத் திட்டத்தின் மிக நாகரிகமான பகுதி இதுவே எனலாம்.

பிற்கால வளர்ச்சி

1986-இல் சென்னை மருத்துவக் கல்லூரியின் சுனிதி சாலமன், அவர் மாணவி நிர்மலா இருவரின் முயற்சியில் எடுக்கப்பட்ட ரத்த மாதிரிகள் வேலூரில் சோதிக்கப்பட்டு, இந்தியாவில் எச்.ஐ.வி. இருப்பது வெளிப்பட்டது. வேலூர் கிறித்துவ மருத்துவக் கல்லூரியின் உயிர்வேதியியல் துறை நாடெங்கும் உள்ள ஆய்வகங்களுக்கு ஒரே மாதிரியை அனுப்பி, அவற்றின் முடிவுகளை மாதந்தோறும் ஒப்பிட்டுக் காட்டும் புறத் தரக் கண்காணிப்பை நடத்துகிறது. சேலம் மருத்துவக் கல்லூரி 1986-இல் தொடங்கப்பட்டது. சேர்வராயனுக்கு அப்பால், தருமபுரி மாவட்டச் சிட்டிலிங்கிப் பள்ளத்தாக்கில் ரெஜி ஜார்ஜ், லலிதா ரெஜி இருவரும் 1993 முதல் நடத்தும் மருத்துவமனை, மலையாளிப் பெண்களையே பயிற்றுவித்துப் பணியில் அமர்த்தியது.

உலகளவில், மருத்துவ ஆய்வகத் தரத்துக்கான ஐ.எஸ்.ஓ. 15189 முதலில் 2003-இல் வெளியானது. 2009-இல் ருவாண்டாவின் கிகாலியில் தொடங்கிய திட்டம், சிறிய ஆய்வகங்கள் நட்சத்திரம் நட்சத்திரமாக அந்தத் தரத்தை நோக்கி ஏற வழி செய்தது. இந்தியாவில் ஆய்வக அறிக்கையில் யார் கையெழுத்திடலாம் என்ற வழக்கில், பதிவு பெற்ற மருத்துவரே என்று 2017-இல் உச்ச நீதிமன்றம் கூறியது. மருத்துவர் கிடைக்காத மலை ஊர்களில் இது எவ்வாறு பொருந்தும் என்பது பற்றி நுட்புநர் சங்கங்களும் நோயியல் மருத்துவர்களும் மாறுபட்ட கருத்து கொண்டுள்ளனர். காசநோயைக் கண்டறிய, மின்கலத்தில் இயங்கும் ட்ரூநாட் கருவியை உலக சுகாதார நிறுவனம் 2020-இல் ஏற்றது. அதே ஆண்டு கரோனாவை ஒட்டிச் சேலம் மருத்துவக் கல்லூரியில் ஆர்.டி.பி.சி.ஆர். ஆய்வகம் அமைந்தது. நுட்புநர் உள்ளிட்ட துணை மருத்துவப் பணியாளரைப் பதிவு செய்வதற்கான மத்தியச் சட்டம் 2021-இல் நிறைவேறியது.