அரக்கும் அஞ்சு ரூபா பசையும்

அம்மாவோட அட்டிகைல ஒரு கல்லு விழுந்துடுச்சு. குரும்பலூர் பெட்டிக்கடைல அஞ்சு ரூபாய்க்கு உடனடிப் பசை வாங்கி நானே ஒட்டிட்டேன். ஆசாரி பார்த்துட்டுத் தலைல அடிச்சுக்கிட்டார். "அரக்குன்னா சூடு காட்டினா இளகும் தம்பி, கல்லை எடுத்துத் திரும்பப் பதிக்கலாம். இதை என்ன பண்றது?"

நகை மட்டுமில்லீங்க, தஞ்சாவூர் கலைத்தட்டும் இதே கதைதான். இரண்டாம் சரபோஜி (1798-1832) காலத்துக் கலை, 2007ல புவிசார் குறியீடு வாங்கினது. வெள்ளித் தகட்டை அச்சுல தட்டி உருவம் எடுப்பாங்க. பின்பக்கப் பள்ளத்துல குங்கிலியம், செங்கல் பொடி, எண்ணெய் சேர்த்துக் காய்ச்சின மெழுகை நிரப்புவாங்க, உருவம் நசுங்காம இருக்க. அப்புறம் பித்தளைத் தட்டுல வெட்டின காடில ஓரத்தைச் செருகித் தட்டி இறுக்குவாங்க. ஆக, பிடிப்பு தர்றது பசை இல்ல, உளியும் சுத்தியலும்!

நம்ம உடனடிப் பசை (சயனோஅக்ரிலேட்) 1942ல அமெரிக்காவுல துப்பாக்கிக் குறிநோக்கிக்குத் தெளிவான பிளாஸ்டிக் தேடினப்ப தட்டுப்பட்டது. எல்லாத்துலயும் ஒட்டிக்குதேன்னு ஓரங்கட்டிட்டாங்க. 1958லதான் பசையா கடைக்கு வந்துச்சு. காத்துல இருக்கிற ஈரமே போதும், இறுகிடும்.

அசிட்டோன் கரைக்கும்தான். ஆனா பக்கத்துக் கல்லுக்கு அடில இருக்கிற அரக்கையும் பதம் பார்த்துடுமேன்னு ஆசாரி தொட மாட்டேங்கறார். அட்டிகை பீரோவுல இருக்கு. அம்மாகிட்ட இன்னும் சொல்லலை :-)