பூவரசம்பூவும் இளைப்பாறிய படைவீரரும்

போர்க்களத்திற் பட்டவனுக்கு நடுகல் எடுத்து வழிபட்ட மரபு தமிழர்க்கு மிகப் பழையது. ஆநிரை மீட்கச் சென்று மாண்ட வீரனின் குடும்பத்தார்க்கு நிலம் விடுத்த செய்தியையும் தருமபுரி, செங்கம் முதலிய பகுதிகளின் நடுகற்கள் கூறுகின்றன. அந்நிலம் நெய்த்தோர்ப்பட்டி எனப்பட்டது. நெய்த்தோர் என்பது குருதி. பிற்காலச் சாசனங்கள் அதனை உதிரப்பட்டி என்னும். ஆயின் இவை பெரும்பாலும் இறந்தாரைக் குறித்தெழுந்தவை. கையோ காலோ இழந்தும், உளங்கலங்கியும் உயிரோடு மீண்டவன் எங்கே குடியிருந்தான், எத்துணைக் காலம் அங்கே நிலைத்திருந்தான் என்னும் வினாவுக்குக் கற்களில் விடை காண்டல் அரிது.

மேனாட்டார் இவ்வினாவுக்கு முதலிற் கண்ட விடை பெருமாளிகை. பாரிசு நகரில் பதினான்காம் லூயி மன்னன் 1670 இல் ஊனமுற்ற படைவீரர்க்கென ஒரு விடுதியை நிறுவப் பணித்தான். இங்கிலாந்தின் இரண்டாம் சாள்சு மன்னன் 1682 இல் செல்சியில் அத்தகையதொன்றைத் தொடங்கினான். உள்ளே இடம்பெற்றோர் சிலர். உபகாரச் சம்பளத்தை வாங்கிக்கொண்டு வெளியே தம் பாட்டைத் தாமே பார்த்துக்கொண்டோர் பலர்.

கொழும்பில் இவ்வரலாற்றின் சுவடுகளைக் காண விரும்புவோர் கொள்ளுப்பிட்டியிலிருந்து நெடுந்தூரம் செல்லவேண்டியதில்லை. பேரை வாவியை அடுத்துள்ள கொம்பனித்தெருவில் மலாய்த் தெரு, ஜாவா ஒழுங்கை, றைபிள் வீதி எனும் பெயர்கள் வழங்கி வந்துள்ளன. ஒல்லாந்தரின் கீழ்ப் போர்புரிந்த மலாய் வீரர் 1796 இன் பின் ஆங்கிலேயர் சேவையிற் புகுந்தனர். 1827 இல் இலங்கை றைபிள் படை எனப் பெயர்பெற்ற அப்படையணி 1873 இற் கலைக்கப்பட்டது. படையணி அவர்க்குத் தொழில் மட்டுமன்று, ஊருமாகும். மனைவி மக்கள் உடனுறைந்தனர். பிள்ளைகள் படையணியின் பள்ளியிற் படித்தனர். ஆதலின் அதனைக் கலைத்தபோது சம்பளத்தோடு அயலும் போயிற்று. சிலர் பொலிசிற் சேர்ந்தனர். காவற்படை தங்கியிருந்த குருநாகல், பதுளை, அம்பாந்தோட்டை ஆகிய இடங்களில் மலாய்க் குடிகள் இன்றுவரை நிலைத்துள்ளன. அங்ஙனம் நிலைத்தமைக்கு அரசாங்கத்தின் உபகாரச் சம்பளத்தைக் காட்டிலும் பள்ளிவாசலும் உறவினருமே பெருந்துணை புரிந்திருத்தல் வேண்டும். ஒருவன் வராதபோது ஏன் வரவில்லை என்று வினவ அங்கே ஆள் இருந்தது.

முதலாம் உலகப் போருக்குப் பின் நிலைமை வேறாயிற்று. நவம்பர் 11 ஆந் தேதி தோறும் பொப்பி மலர் விற்றுப் பணம் சேர்த்தனர். இலங்கையில் திரட்டிய பணத்தின் பெரும்பங்கு பிரித்தானியப் படைவீரர் நலனுக்கே சென்றது. இவ்வநீதியைப் பொறாத இளைப்பாறிய படைவீரர் ஏலியன் பெரேரா, அதே நாளிற் சூரிய மலரை, அதாவது நம் பூவரசம்பூவை விற்று, வறுமையுற்ற இலங்கைப் படைவீரர்க்கு உதவ முற்பட்டார். 1933 இல் ஆசிரியை தொரீன் யங் விக்கிரமசிங்க, இலங்கைப் பிள்ளைகள் தம் நாட்டு வீரரை மறந்து அந்நிய வீரர்க்காகப் பூ வாங்கும் பேதைமையைப் பத்திரிகையில் எடுத்துக்காட்டினார். தென் கொழும்பு வாலிபர் சங்கத்தார் இயக்கத்தைத் தம் கையில் ஏற்றனர். அதன்பின் பூவரசம்பூ ஏகாதிபத்தியத்தையும் போரையும் எதிர்ப்போரின் சின்னமாயிற்று. 1934 இல் மலேரியாக் காய்ச்சல் பரவியபோது அவ்வியக்கத்தார் ஆற்றிய தொண்டு போற்றற்குரியது. ஆயினும் எவர் பொருட்டு முதலிற் பூ விற்கப்பட்டதோ அந்த முதிய வீரர் இவ்வாரவாரத்திடையே மெல்லப் பின்னே தள்ளப்பட்டனர். நாட்டு விடுதலை வரலாறு எழுதுவோரும் இதனைக் கடந்தே செல்கின்றனர்.

பணத்தாலும் சட்டத்தாலும் மட்டும் இக்குறை தீருமா என்பதற்கு ஐக்கிய அமெரிக்கா சான்று பகரும். 1944 ஆம் ஆண்டுச் சட்டத்தின்கீழ், 1952 வரையில் ஏறத்தாழ 24 இலட்சம் படைவீரர்க்கு வீட்டுக் கடனுக்கு அரசு பிணை நின்றது. கறுப்பின வீரர் பலருக்கு வங்கிகள் கதவடைத்தன என்பது வேறு கதை. தொழிலும் உடல்நலமும் வாய்த்தவனுக்கே அக்கடன் பயன்பட்டது. வியட்நாம் போரிலிருந்து மீண்டோருட் பலர் 1980 களில் நகர வீதிகளிற் படுத்துறங்கினர். 1992 இல் வீடமைப்புத் திணைக்களமும் படைவீரர் விவகாரத் திணைக்களமும் இணைந்து புதியதொரு முறையைச் சிறிய அளவில் தொடங்கி, 2008 முதல் அதனை விரிவாக்கின. வாடகையின் ஒரு பங்கை அரசு செலுத்தும். வீரன் தன் வருமானத்தில் ஏறத்தாழ நூற்றுக்கு 30 பங்கு கொடுப்பான். இதனினும் முதன்மையானது, ஒவ்வொருவருக்கும் ஒரு பொறுப்பு உத்தியோகத்தர் நியமிக்கப்படுவது. இழந்த பத்திரங்களைத் தேடுவதும், வீட்டுச் சொந்தக்காரரோடு பேசுவதும், வைத்தியரிடம் அழைத்துச் செல்வதும், குடிபுகுந்த பின்னரும் வீடுதேடி வந்து பார்ப்பதும் அவர் கடமை. 2010 க்கும் 2024 க்கும் இடையில் வீடற்ற படைவீரர் தொகை அங்கே பாதிக்கும் கீழாயிற்று. பிற காரணங்களும் உண்டெனினும், திரும்பத் திரும்ப வரும் அந்த ஆளின் பங்கு சிறிதன்று.

இலங்கையில் முப்படையினர், பொலிசார் ஆகியோர்க்கும் அவர்தம் குடும்பத்தார்க்கும் உதவ 1999 ஆம் ஆண்டின் 54 ஆம் இலக்கச் சட்டத்தால் இரணவிரு சேவை அதிகாரசபை அமைந்தது. எதிர்த்தரப்பில் நின்றோருள் ஏறத்தாழ 12,000 பேர் 2009 இன் பின் புனர்வாழ்வு நிலையங்களுக்கு அனுப்பப்பட்டுப் பின் விடுவிக்கப்பட்டனர். அவர்க்கென ஓர் அதிகாரசபை எழவில்லை. போரால் வீடிழந்த பொதுமக்களோடு மக்களாகவே அவரும் வீடமைப்புத் திட்டங்களை நாடவேண்டியவராயினர். இந்திய அரசின் உதவியால் வடக்கு கிழக்கில் 2012 ஒக்டோபரில் தொடங்கிய கட்டத்தில் வீடொன்றுக்கு 550,000 ரூபா, கட்டட வேலை ஏற ஏறத் தவணைமுறையில் வழங்கப்பட்டது. வீட்டை உரியவரே முன்னின்று கட்டவேண்டும். சீமெந்து கொணர்தல், மேசனைப் பிடித்தல், கணக்கு வைத்தல் எல்லாம் அவர் பொறுப்பு. இரு கையும் உள்ளவர்க்கே இஃது எளிதன்று. முள்ளந்தண்டு அடிபட்டுச் சக்கர நாற்காலியில் இருப்பவர்க்கு எங்ஙனம் கூடும்? செயற்படுத்திய நிறுவனங்களின் களப்பணியாளர் வந்து வழிகாட்டினர் என்பது உண்மை. ஆயினும் கூரை ஏறியதோடு அவர் பணி முடிந்தது.

வீடு எழும் நிலத்தின் சிக்கல் அதற்கு முந்தியது. வன்னியிற் பெருந்தொகையான காணிகள் உறுதிக் காணிகளல்ல. அரசின் அனுமதிப்பத்திரத்தால் ஆளப்படுபவை. பத்திரம் தந்தையின் பெயரில் இருக்கும்; தந்தை இறந்திருப்பார், அன்றிக் காணாமற் போயிருப்பார். மரணச் சான்றிதழின்றிப் பெயர் மாற்றம் இல்லை; பெயர் மாற்றமின்றி வீட்டுத் திட்டத்தில் இடம்பெறுவதும் கடினம். இடம்பெயர்வில் அடையாள அட்டையையும் தொலைத்து, ஊரார் ஐயக்கண்ணோடு நோக்க, பிரதேச செயலகத்தின் படிகளில் ஏறி இறங்கும் ஒருவர்க்கு முதலில் வேண்டுவது கல்லும் மணலுமன்று. எந்த மேசைக்கு எந்தத் தாளைக் கொண்டுசெல்வது என்று அறிந்து, அன்றும் மறுமாதமும் அவரோடு கூடச் செல்லும் ஓராள்.