புளோரன்ஸ்: பால்புதுமையர் பயணம்

இத்தாலியின் தஸ்கனி மண்டலத் தலைநகரான புளோரன்ஸ், ஆர்னோ ஆற்றங்கரையில் அமைந்த மறுமலர்ச்சிக் கால நகரம். அதன் பழைய பகுதி 1982 முதல் யுனெஸ்கோ உலக மரபுக் களம். தன்பாலீர்ப்பினரும் திருநரும் உள்ளிட்ட பால்புதுமையருக்கு இந்நகரோடு தனி உறவு உண்டு. அவர்களின் பழங்கால வாழ்வு இவ்வளவு விரிவாகப் பதிவான ஊர்கள் ஐரோப்பாவில் மிகக் குறைவு. பதிவு செய்தவர்கள் அவர்களைத் தண்டிக்க அமர்ந்தவர்கள் என்பதுதான் துயரம்.

மறுமலர்ச்சிக் கால ஜெர்மன் மொழியில் 'புளோரன்ஸ்காரர்' என்பது ஆணோடு உறவுகொள்ளும் ஆணைக் குறிக்கும் வசைச்சொல். 1432இல் நகர அரசு ஆண்களிடையேயான உறவு என்ற குற்றச்சாட்டை விசாரிக்கவே 'இரவு அதிகாரிகள்' என்ற மன்றத்தை அமைத்தது. பெயர் எழுதாமல் புகார்ச் சீட்டுப் போடப் பெட்டிகள் வைக்கப்பட்டன. 1502இல் மன்றம் கலைக்கப்படும் வரை ஏறத்தாழ 17,000 பேர் மீது குற்றம் சாட்டப்பட்டதாக வரலாற்றாசிரியர் மைக்கேல் ராக் கணக்கிடுகிறார். நகரின் மக்கள்தொகையோ சுமார் 40,000தான். 1476இல் லியொனார்டோ டா வின்சியின் பெயரும் ஒரு மொட்டைச் சீட்டில் வந்தது. வழக்கு பின்னர் தள்ளுபடியானது.

ஒரே ஒரு கட்டடத்துக்குத்தான் நேரம் இருக்கிறது என்றால் பார்ஜெல்லோவுக்கே போக வேண்டும். காவல் தலைவரின் இருப்பிடமாகவும் சிறையாகவும் இருந்த இம்மாளிகை 1865 முதல் அருங்காட்சியகம். டொனாடெல்லோவின் வெண்கலத் தாவீது இங்கே நிற்கிறான்: தொப்பியும் காலணியும் தவிர உடலில் துணியில்லாத மெல்லிய சிறுவன், காலடியில் கோலியாத்தின் தலை. செல்லினி செதுக்கிய 'அப்பல்லோவும் ஹயசிந்தும்' சிற்பமும் இங்கேதான் உள்ளது. அந்தச் செல்லினியே 1557இல் ஆண் உறவுக் குற்றத்துக்காகத் தண்டனை பெற்றார். சிறையாக இருந்த சுவர்களுக்குள் இச்சிலைகளைக் காண்பது வேறெங்கும் கிடைக்காத அனுபவம்.

ஆண் காதல் எழுத்திலும் மறைக்கப்பட்டது: தொமாசோ தெய் கவாலியேரி என்னும் இளைஞருக்குச் சிற்பி மைக்கேலாஞ்சலோ எழுதிய காதல் கவிதைகளை, 1623இல் பதிப்பித்த மைக்கேலாஞ்சலோவின் உறவினர், ஆணைப் பெண்ணாக்கித் திருத்தினார். மூலபாடம் 1863இல்தான் அச்சேறியது.

தஸ்கனி 1853லேயே தன்பால் உறவைக் குற்றப் பட்டியலிலிருந்து நீக்கியது. நாடு முழுவதற்கும் அந்நிலை 1890இல் வந்தது. பாலீர்ப்பு, பாலின அடையாளம் காரணமான பாகுபாட்டுக்கு எதிராக 2004இல் சட்டம் இயற்றிய முதல் இத்தாலிய மண்டலமும் இதுவே. 2016 முதல் இத்தாலி முழுவதும் தன்பால் இணையர் குடிமைச் சேர்க்கையைப் பதிவு செய்யலாம். திருமண உரிமை இல்லை. வெறுப்புக் குற்றங்களுக்கு எதிரான மசோதா 2021இல் செனட்டில் வீழ்ந்தது. இந்தக் குறை சிறியதன்று.

விடுதி அறை பதியும்போது ஒரு சொல் உதவும்: இருவருக்கான பெரிய ஒற்றைக் கட்டிலுக்கு இத்தாலியில் 'மாத்ரிமோனியாலே' என்று பெயர். சொல்லின் பொருள் 'திருமணத்துக்குரியது' என்றாலும், எந்த இணையரும் தயங்காமல் கேட்கலாம். 'தோப்பியா' என்று கேட்டால் பெரும்பாலும் இரு தனிக் கட்டில்கள் கிடைக்கும். அவசர உதவிக்கு 112. புளோரன்ஸ் குயர் திரைப்பட விழா 2003 முதல் நடக்கிறது.

பார்ஜெல்லோவிலிருந்து சில நிமிட நடையில் சாந்தா குரோச்சே தேவாலயம். மைக்கேலாஞ்சலோவின் கல்லறை அங்கே உள்ளது. தோளும் முழங்காலும் மூடிய உடையில் செல்ல வேண்டும்.